ஜியோஜீப்ராவின் ஏஆர்: தொடக்கப்பள்ளிக் கணிதத்தில் எதற்குக் கைகொடுக்கிறது, எங்கே தடுமாறுகிறது

நான்கு கட்டை நீளம், மூன்று கட்டை அகலம், இரண்டு அடுக்கு உயரம். இப்படி அடுக்கிய கனசெவ்வகத்தின் படத்தை ஐந்தாம் வகுப்பில் காட்டி மொத்தம் எத்தனை கட்டை என்று கேட்டால், 24 மட்டும் விடையாக வராது. 18 வரும், 26 வரும், 52-உம் வரும். இவை வாய்க்கு வந்த விடைகள் அல்ல. கண்ணுக்குத் தெரியும் கட்டைகளை மட்டும் எண்ணிய பிள்ளை 18 என்கிறது. பின்னால் ஒளிந்திருக்கும் ஆறு அதன் கணக்கில் இல்லை. தெரியும் சதுரங்களை எண்ணிய பிள்ளை மேலே 12, முன்னே 8, பக்கத்தில் 6 என்று கூட்டி 26 என்கிறது. மூலையில் இருக்கும் ஒரே கட்டை அதற்கு மூன்றாகிவிடுகிறது. பின்பக்கமும் அடிப்பக்கமும் உண்டு என்று தெரிந்த பிள்ளை அதை இரட்டித்து 52 எழுதுகிறது.

தாளில் இருக்கும் படத்தைச் சுற்றிப் போய்ப் பார்க்க முடியாது என்பதுதான் இங்கே சிக்கல். ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏஆர், தொடக்கப்பள்ளிக் கணிதத்துக்குள் நுழைவதற்கு உருப்படியான காரணம் என்றால் இது ஒன்றுதான். வகுப்பறைத் தரையில் அந்தக் கனசெவ்வகம் நிற்பதுபோல் போன் காட்டும். பிள்ளை நடந்து போய் அதன் முதுகுப்பக்கத்தைப் பார்க்கலாம். இந்த வேலைக்குக் காசில்லாமல் கிடைக்கும் செயலிகளில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஜியோஜீப்ராவின் 3டி கால்குலேட்டர்.

ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள். 2021-இல் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். உயர்நிலைப்பள்ளி, கல்லூரிக் கணிதத்தை மனத்தில் வைத்துச் செய்தது என்பதால், திறந்ததும் x, y, z அச்சுகளும் சாம்பல் நிறத் தளமும் கட்டங்களுமாக விரியும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் இரைச்சல். வகுப்புக்கு முன்பே அமைப்புகளுக்குள் போய் அச்சு, தளம், கட்டம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் போனைக் கையில் கொடுத்தால், 'அந்தப் பச்சைக் கோடு என்ன சார்?' என்ற கேள்வியிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

முதலில் போன் சரிப்படுமா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இது ஏஆர்கோர் என்ற கூகுளின் ஏஆர் மென்பொருள் மேல் ஓடுகிறது. ஐபோனிலும் ஐபேடிலும் ஆப்பிளின் ஏஆர்கிட் மேல். ஐபோன் 6எஸ் முதலும் 2017-இல் வந்த ஐபேட் முதலும் ஏஆர் ஓடும். ஆண்ட்ராய்டு கதை வேறு. கேமரா, அசைவுணரிகள், ப்ராசசர் ஆகியவற்றைச் சோதித்துக் கூகுள் ஒப்புதல் தந்த மாடல்களில்தான் ஏஆர்கோர் வேலை செய்யும். விலை குறைந்த போன்கள் பலவற்றில், போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இருக்காது. டேப்லெட்டுகளிலும் இதே குறை உண்டு. மொத்தமாக டேப்லெட் வாங்கப்போகும் பள்ளி, விலையைக் கேட்கும் முன் கூகுள் வெளியிட்டிருக்கும் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுவது நல்லது. செயலி நிறுவப்பட்டு, வடிவமும் வரைய வந்து, வலது கீழ் மூலையில் ஏஆர் பொத்தான் மட்டும் காணவில்லை என்றால், கருவி ஆதரிக்கவில்லை என்று பொருள். அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதால் அது வந்துவிடாது.

ஏஆருக்கான கூகுள் பிளே சேவையும் போனில் இருக்க வேண்டும். இதைப் பள்ளிக்கு வருமுன்பே இறக்கி, ஒருமுறை ஏஆரைத் திறந்து, கேமரா அனுமதியையும் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு வகுப்பறையில் இணையம் வேண்டியதில்லை. கிராமத்துப் பள்ளிகளுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு கனசதுரத்தை நிறுத்துவது எளிது. கருவிகள் பகுதியில் கனசதுரக் கருவியைத் தொட்டு, தளத்தில் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகளைத் தொட்டால் போதும். உடனே நகர்த்தும் கருவிக்கு மாறிவிட வேண்டும்; மாறாவிட்டால் பிள்ளையின் விரல் பட்ட இடமெல்லாம் புதுப் புள்ளி முளைக்கும். பிறகு ஏஆர் பொத்தான். போனைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சாய்த்துப் பிடித்து, தரையைத் துழாவுவதுபோல் இடமும் வலமும் மெதுவாக நகர்த்த வேண்டும். பரப்பைக் கண்டுகொண்டதும் செயலி அடையாளம் காட்டும். அங்கே தொட்டால் கனசதுரம் அந்த இடத்தில் நின்றுகொள்ளும்.

பெரும்பாலான வகுப்புகள் தடுமாறுவது இந்தத் துழாவும் கட்டத்தில்தான். காரணம் தரையில் இருக்கிறது. கேமராப் படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகளை, அதாவது ஒரு கீறல், ஒரு எழுத்து, ஒரு நிறமாற்றம் போன்றவற்றைப் பிடித்துவைத்து, போன் நகரும்போது அவை எப்படி இடம் மாறுகின்றன என்பதைக் கொண்டே செயலி பரப்பைக் கணக்கிடுகிறது. பளபளக்கும் வெள்ளை டைல்ஸில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு வேறு போனோடு சேர்ந்து நகர்ந்து குழப்பும். வழவழப்பான சிவப்பு சிமெண்ட் தரையிலும் இதே தொல்லை. ஒரே மாதிரிக் கட்டங்கள் திரும்பத் திரும்ப வரும் தரையில், ஒரு கட்டத்தைப் பக்கத்துக் கட்டம் என்று நினைத்து வடிவம் சட்டென்று எகிறிக் குதிக்கும்.

இதற்கு மருந்து பழைய செய்தித்தாள். நான்கு தாள்களை அருகருகே விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டிவிடுங்கள். எழுத்தும் படமும் கலந்து கிடப்பதால் செயலி உடனே பிடித்துக்கொள்ளும். வண்ணக்கோலம் போட்ட பலகையும் நன்றாக வேலை செய்யும். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கக் கூடாது. சுற்றி நிற்கும் பிள்ளைகளின் கால்கள் தாள்மேல் வரக்கூடாது. தாளைச் சுற்றி ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டு, அதற்கு வெளியேதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஜன்னலை மூடி இருட்டாக்கிவிட்டாலும் கேமரா திணறும். ப்ரொஜெக்டருக்காக இருட்டடித்த அறையில் ஏஆர் வகுப்பு வைக்க முடியாது.

இனி அந்த 24 கட்டைக்கு வருவோம். கருவியால் ஒவ்வொரு கட்டையாக வைப்பது வீண் உழைப்பு. உள்ளீட்டுப் பெட்டியில் வரிசைக் கட்டளையை (Sequence) ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று முறை எழுதினால் மொத்தமும் ஒரே வரியில் வரும்: நீளத்துக்கு 0 முதல் 3, அகலத்துக்கு 0 முதல் 2, உயரத்துக்கு 0 முதல் 1. ஒவ்வொரு கனசதுரத்துக்கும் அடிமுகத்தின் மூன்று முனைகளைக் கொடுக்க வேண்டும். தொடக்கப்புள்ளியின் மூன்று ஆயங்களையும் '1 கூட்டல் ச' என்பதால் பெருக்கி, 'ச' என்பதை 0 முதல் 1 வரை ஓடும் ஸ்லைடராக வைத்துவிடுங்கள். ஸ்லைடர் 0-வில் இருக்கும்போது கட்டைகள் ஒட்டி நிற்கும். தள்ளத் தள்ள ஒன்றைவிட்டு ஒன்று விலகும். இதை ஒருமுறை செய்து சேமித்துவிட்டால் ஆண்டு முழுக்க உதவும்.

ஸ்லைடர் வேண்டுமா, சுற்றி நடந்து பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. சுற்றி நடப்பது பின்பக்கத்தைக் காட்டும். நடுவில் புதைந்த கட்டையைக் காட்டாது. ஜியோஜீப்ராவின் திண்மங்கள் இயல்பாகவே கொஞ்சம் ஊடுருவித் தெரியும் என்றாலும், 24 கட்டைகளின் விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிலந்திவலை ஆகிவிடும். அடுக்குகள் விலகும்போதுதான் 'ஒரு அடுக்கில் 12, அப்படி இரண்டு அடுக்கு' என்று பிள்ளையே சொல்கிறது. கன அளவு என்பது அடுக்கின் பெருக்கல் என்ற எண்ணம் பிறப்பது அந்த வாக்கியத்தில். நீளம், அகலம், உயரம் பெருக்கு என்று சூத்திரமாகக் கொடுத்த பிள்ளைக்கு அது இல்லாமல் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடத்துக்கு 3×3×3 கனசதுரத்தை எடுத்துவிடாதீர்கள். பார்க்க அழகு, ரூபிக் கனசதுரம்போல் பிள்ளைகளுக்குப் பழகிய உருவம். ஆனால் சரியான விடை 27. தெரியும் மூன்று முகங்களின் சதுரங்களை எண்ணினாலும் மூன்று ஒன்பது 27. தவறான வழியில் போன பிள்ளையும் சரி வாங்கிக்கொண்டு போய்விடும், ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது. 4×3×2-இல் ஒவ்வொரு தவறும் தனி எண்ணாக வந்து நிற்கும். எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது விடையிலேயே தெரியும். 27 கட்டைக் கனசதுரம் பிறகு வேறொரு வேலைக்கு ஆகும்: வெளிப்புறம் முழுக்க வண்ணம் அடித்தால் மூன்று முகம் வண்ணமானவை 8, இரண்டு முகம் 12, ஒரு முகம் 6, வண்ணமே படாதது நடுவில் 1. ஸ்லைடரைத் தள்ளியதும் அந்த ஒன்று வெளிப்படும் கணத்துக்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

வலைப் பாடம் வேறு மாதிரி. வலை என்பது பெட்டியை வெட்டி விரித்தால் கிடைக்கும் தட்டை வடிவம். கனசதுரத்தை வரைந்து, வலைக் கருவியால் அதைத் தொட்டால் ஸ்லைடர் தானாக வந்துவிடும்; 0-வில் மூடிய பெட்டி, 1-இல் தரையில் விரிந்த ஆறு சதுரம். தரையில் ஒரு பெட்டி மெல்லத் திறந்து மடியும் காட்சி மிக நன்றாக இருக்கிறது. ஆனால் கருவி காட்டுவது ஒரே ஒரு விரிப்பை. கனசதுரத்துக்கு மொத்தம் 11 வலைகள் உண்டு. ஆறு சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி அமைக்கக்கூடிய வடிவங்கள் 35. அவற்றில் 11 மட்டுமே மடித்தால் பெட்டியாகும். எந்த 11 என்று தேடுவதுதான் கணிதம். திரையில் பார்த்த ஒன்றோடு நிறுத்தினால், வலை என்றால் அந்த வடிவம்தான் என்று பிள்ளை மனத்தில் பதிந்துவிடும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கட்டத்தாளில் ஆறு சதுரம் வரைந்து, மடியுமா மடியாதா என்று எழுதி, வெட்டி மடித்துப் பார்க்கட்டும். ஏஆர் அதற்குப் பிறகு. வீட்டிலிருந்து பற்பசை டப்பா, ஊதுபத்தி டப்பா கொண்டுவரச் சொன்னால், ஒட்டுவதற்கான மடிப்புகளை முதலில் வெட்டி நீக்கச் சொல்லுங்கள். அவற்றையும் சேர்த்து எண்ணினால் கனசெவ்வகத்துக்கு ஒன்பது முகம் என்று சாதிப்பார்கள்.

முகம், முனை, விளிம்பு எண்ணுவதற்கு இதில் ஒரு எதிர்பாராத வசதி உண்டு. முனைகளுக்கு ஏ, பி, சி என்று செயலியே பெயர் வைக்கிறது. அதை அணைக்காமல் விட்டால் எண்ணியதையே மறுபடி எண்ணும் பழக்கம் குறையும். கனசதுரத்தில் அது 'எச்' என்ற எழுத்தோடு நிற்கும், எட்டு முனை. விளிம்புகளுக்குப் பெயரைத் தெரிய வைக்காதீர்கள், கூட்டம் அதிகமாகிவிடும். சதுர அடிப் பிரமிடில் 5 முகம், 5 முனை, 8 விளிம்பு; முக்கோணப் பட்டகத்தில் 5, 6, 9. இந்த இரண்டையும் அருகருகே நிறுத்தி, 'இரண்டுக்கும் ஐந்து முகம், ஆனால் ஏன் முனை மாறுகிறது?' என்று கேட்டால் நல்ல பேச்சு கிளம்பும்.

மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்ற பாடத்தில் கவனம் தேவை. போன் கேமரா கண்ணைப்போலவே கிட்ட இருப்பதைப் பெரிதாகவும் எட்ட இருப்பதைச் சிறிதாகவும் காட்டும். மூன்று கட்டை உயரக் கோபுரத்தின் மேலே பிடிக்கும்போது நேர் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் பக்கச்சுவர் எட்டிப் பார்க்கும். பாடநூல் கேட்கும் மேல்தோற்றமோ வெறும் ஒரு சதுரம். ஏஆரில் பார்த்துவிட்டு, அதை அணைத்து, சாதாரண 3டி திரையில், தூரத்தால் அளவு மாறாமல் காட்டும் இணை வீச்சு முறைக்கு மாற்றி மேலிருந்து காட்டினால் சதுரம் சரியாக வரும். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தாளில் வரையச் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை, கை மறைவதில்லை என்பது. பிள்ளை கையை நீட்டிக் கனசதுரத்துக்கு முன்னால் வைத்தாலும் திரையில் கனசதுரம் கையின் மேலேயே வரையப்படும். தொடவும் முடியாது, தூக்கவும் முடியாது. அதனால் மரக்கட்டைகளை வகுப்பிலிருந்து எடுத்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. 24 மரக்கட்டை பக்கத்தில் இருக்க வேண்டும், ஏஆரில் பார்த்ததைக் கையால் கட்டிச் சரிபார்க்க வேண்டும்.

பின்னம், கூட்டல், வாய்ப்பாடு இவற்றுக்கும் ஏஆர் என்று விற்கும் செயலிகளுக்குச் செலவழிக்காதீர்கள். மேசைமேல் மிதக்கும் பீட்சாவை நான்காக வெட்டுவதில் மறைந்த பக்கம் எதுவும் இல்லை. ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் அதே கால் பங்கு கையில் கிடைக்கிறது. ஏழும் எட்டும் பதினைந்து என்பதை மிதக்கும் எழுத்தில் காட்டுவதால் அது கூடுதலாகப் புரிந்துவிடாது. மெர்ஜ் கியூப் என்ற, 2017-இல் சந்தைக்கு வந்த கையடக்கக் கனசதுரமும் நல்ல பொருள்தான். கையில் பிடித்துத் திருப்பினால் திரையில் உருவமும் திரும்பும். அதன் உள்ளடக்கத்தில் அறிவியலின் பங்கு பெரிது, பள்ளிகளுக்குச் சந்தா வேறு. கணிதத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை. தாளில் அச்சிட்டு ஒட்டிக்கொள்ளும் வடிவம் கிடைத்தால் பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள். வெளிச்சம் பட்டு மின்னும் முகத்தைக் கேமரா அடையாளம் காணாது.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே போன் என்றால்? ஸ்மார்ட் போர்டில் திரையைக் காட்டி எல்லோரையும் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வது முதலில் தோன்றும் வழி. அது வீண். நடப்பவருக்கு மட்டும்தான் அது முப்பரிமாணம். உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆடி ஆடித் தெரியும் ஒரு வீடியோ. நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு போனோடு இருக்கும்போது மற்றக் குழுக்கள் மரக்கட்டையிலும் கட்டத்தாளிலும் இதே கணக்கைச் செய்யட்டும். போன் குழுவில் ஒருவர் பிடிக்க, ஒருவர் எங்கே நகர வேண்டும் என்று சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் கட்டையால் கட்ட, நிமிடத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாறினால், ஒரு குழுவுக்கு நான்கு நிமிடம். பத்துக் குழுவுக்கு ஒரு பாடவேளை போதாது. இரண்டு நாளாகப் பிரியுங்கள், ஏஆர் ஓடும்போது போன் சூடேறித் திரை மங்கத் தொடங்கும் என்பதால் இடைவெளியும் கிடைக்கும். ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்: போனைத் தொடும் முன் ஒவ்வொருவரும் தன் விடையைத் தாளில் எழுதியிருக்க வேண்டும், அழிக்கக் கூடாது. எழுதாமல் பார்த்த பிள்ளைக்கு எது வந்தாலும் 'ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்' என்று தோன்றும். 18 என்று எழுதிவிட்டுப் பின்பக்கம் போன பிள்ளைதான் நின்று யோசிக்கும்.

இந்தச் செயலியில் எல்லாவற்றையும்விட அருமையான வசதி அளவு விகிதம். ஏஆர் அமைப்புகளில் ஒரு அலகு என்பது உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் என்று குறிக்கலாம். ஒரு அலகு 10 செ.மீ. என்று வைத்து ஒரு கனசதுரம் நிறுத்தினால் அது சரியாக ஒரு லிட்டர், இரண்டு அரை லிட்டர் பால் பாக்கெட். அதையே 100 செ.மீ. ஆக்கினால் ஒரு கனமீட்டர், மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி கொள்ளும் அளவு. பக்கம் பத்து மடங்கானால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும் என்பதைப் பெரியவர்களே நம்பச் சிரமப்படுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, பெரியதற்குள் போனோடு நடந்து உள்ளே நிற்கும்போது, அந்த ஆயிரம் உடம்பில் ஏறுகிறது.

இதில் இரண்டு இடத்தில் பிசகும். இரு விரலால் திரையைக் கிள்ளினால் விகிதம் மாறிவிடும். பிள்ளைகள் கிள்ளாமல் இருக்க மாட்டார்கள். விகித எண்ணைத் திரையில் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு குழுவும் தொடங்கும்போது அதைப் படித்துச் சொல்ல வையுங்கள். இரண்டாவது, ஒற்றைக் கேமராவை நம்பும் போன்களில் அளவு சில சென்டிமீட்டர் முன்பின்னாக இருக்கும். கனமீட்டரை நிறுத்தியதும் மீட்டர் அளவுகோலை அடிவிளிம்பை ஒட்டித் தரையில் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஏஆரை மூடித் திறந்து, இன்னும் மெதுவாக, இன்னும் அதிகப் பரப்பைத் துழாவி மறுபடி நிறுத்த வேண்டும்.

சரியாகப் பொருந்திய பிறகு, அடிச்சதுரத்தின் நான்கு மூலையிலும் தரையில் வண்ண டேப் ஒட்டி, அருகில் இருக்கும் சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு கோடும் போட்டுவிடுங்கள். போனை உள்ளே வைத்த பிறகும் அந்த டேப்பும் கோடும் அங்கேயே இருக்கட்டும். அடுத்த வாரம் கன அளவுக் கணக்கு போடும்போது, 'இது டேப்புக்குள் அடங்குமா?' என்று கேட்டால் பிள்ளைகள் திரும்பி அந்த மூலையைப் பார்த்து விடை சொல்வார்கள்.